தபூலேயில் கோதுமை எவ்வளவு? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகி, வெயில் காலத்தில் அடுப்புப் பக்கம் போகாமல் என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருந்தார். பதில் சொல்லும்போது லெபனான், சிரியா பக்கத்து தபூலே சாலட்டைப் பற்றியும் நாலு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். அளவும் சொல்லவில்லை, செய்முறையும் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருப்பதால், இந்த முறை வத்தக்குழம்பு, ஊறுகாய்க் கேள்விகளுக்கு லீவு.

அக்கா, துபாயிலிருந்து லீவுக்கு வந்த என் மகன் தபூலே செய்து கொடு என்றான். சம்பா ரவையை உப்புமா மாதிரி வேகவைத்து ஆறவிட்டு, புதினா, கொத்தமல்லி, தக்காளி, வெங்காயம் எல்லாம் போட்டு எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா இது தபூலே இல்ல” என்கிறான். எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, திருச்சி

மகன் நாசூக்காகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் செய்தது நல்ல கோதுமை ரவை சாலட், அதில் சந்தேகமில்லை. தபூலேயிலிருந்து அது ரெண்டு இடத்தில் விலகிவிட்டது.

முதலாவது அளவு. அபுதாபியில் நாங்கள் இருந்தபோது எதிர் ஃபிளாட்டில் ஒரு லெபனான் அம்மா இருந்தார். பெக்கா பள்ளத்தாக்கில் ஜஹ்லே என்ற ஊர்க்காரர். அவர் தபூலே செய்வதை முதல் தடவை பார்த்தபோது, ஒரு பெரிய பேசின் நிறைய பார்ஸ்லி இலையை நறுக்கிக் குவித்துவிட்டு, கடைசியில் கோதுமையைக் கைப்பிடியில் பாதி கூட இல்லாமல் தூவினார். நான் மீதியை எப்போது போடுவார் என்று காத்துக்கொண்டே நின்றேன். மீதி என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான். தபூலே கீரைப் பண்டம். கோதுமை அதில் நாம் பொரியலுக்குத் தேங்காய்ப்பூ தூவுவது போல, இலையில் இறங்கும் சாற்றைக் குடித்துக்கொண்டு வாய்க்கு லேசாக நெருடுவதற்காக மட்டும். பெயரே அரபியில் மசாலா, சுவைகூட்டுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான், தானியத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. மேல்நாட்டுக் கடைகளில் டப்பாவில் விற்கிற தபூலே பலதும் கோதுமைக் குவியலில் பச்சைப் புள்ளி வைத்தது மாதிரி இருக்கும். நீங்கள் போனில் பார்த்ததும் அந்த ரகமாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது விஷயம் கோதுமையே. அவர்கள் போடுவது புர்குல். துருக்கிக்காரர்கள் புல்குர் என்பார்கள், கடைப் பாக்கெட்டில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். பார்க்க அச்சு அசல் சம்பா ரவை, ஆனால் அது பச்சைக் கோதுமையை உடைத்தது கிடையாது. முழுக் கோதுமையை அவித்து, வெயிலில் காயவைத்து, அப்புறம் உடைத்துச் சலிப்பார்கள். அதாவது புழுங்கல் கோதுமை. நாம் நெல்லை அவித்துக் காயவைத்துப் புழுங்கலரிசி ஆக்குகிறோமே, அதே புத்திதான், காரணமும் கிட்டத்தட்ட அதேதான்: அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து கொஞ்சம் உள்ளே இறங்கும், தானியம் இறுகும், பூச்சி சீக்கிரம் அண்டாது. நமக்கு இங்கே வேண்டிய குணம் இன்னொன்று இருக்கிறது. ஒரு தடவை வெந்து காய்ந்தது என்பதால், பொடி புர்குலை மறுபடி வேகவைக்க வேண்டாம், ஊறினாலே போதும். சம்பா ரவையை அப்படி ஊறவைத்தால் பல்லில் மாவாக நறநறக்கும், வேகவைத்தால் கூழாகி இலையோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் கிண்ணத்தில் நடந்தது இரண்டாவது.

சரி, நாலு பேருக்கு அளவு. பார்ஸ்லி பெரிய கட்டாக மூன்று (ஆய்ந்த இலை சுமார் 200 கிராம்), புதினா இலை ஒரு கைப்பிடி, கெட்டியான தக்காளி மூன்று, வெங்காயத்தாள் நாலு, பொடி புர்குல் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே, ஆலிவ் எண்ணெயும் அதே அளவு, உப்பு, மிளகுத்தூள். ஜஹ்லே அம்மா ஒரு சிட்டிகை பட்டைத்தூளும் போடுவார், போடாத வீடுகளும் உண்டு. வெள்ளரிக்காய் போட்டால் அவர் வீட்டுப் பக்கமே போக முடியாது.

முதலில் தக்காளியைப் பொடியாக நறுக்கி, வடிகிற சாற்றோடு புர்குலின் மேல் கொட்டி, பாதி எலுமிச்சைச் சாற்றையும் விட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். நீங்கள் இலை ஆய்ந்து நறுக்கி முடிப்பதற்குள் அது ஊறியிருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் கலந்து, உப்பு, மீதிச் சாறு, எண்ணெய் மூன்றும் தட்டில் வைக்கப்போகிற நேரத்தில்.

நம் ஊர் எலுமிச்சை அவர்களுடைய பெரிய மஞ்சள் எலுமிச்சையைவிடப் புளிப்பு கூட, அழுத்திப் பிழிந்தால் கசப்பும் இறங்கும். எடுத்த எடுப்பில் முழுவதையும் விடாமல் ருசி பார்த்து விடுங்கள்.

பார்ஸ்லிக்குப் பதிலாகக் கொத்தமல்லி போட்டால் என்ன? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பார்வைக்கு அண்ணன் தம்பிதான், தாவரக் குடும்பமும் ஒன்றே, சீரகம், சோம்பு, ஓமம், கேரட் எல்லாம் அதே குடும்பம்தான். வளைகுடாவில் இருக்கும்போது கொத்தமல்லி என்று நினைத்து பக்தூனிஸ் கட்டை (பார்ஸ்லிக்கு அரபியில் அதுதான் பெயர்) வாங்கிவந்து ரசத்தில் போட்டு, என்னடா வாசனையே வரவில்லை என்று முழித்தவர்களில் நானும் ஒருத்தி. கிள்ளி முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும் என்பது அதற்கப்புறம் தெரிந்தது.

ஒரு கைப்பிடி கொத்தமல்லி ரசத்துக்கு அழகு. ஒரு பேசின் கொத்தமல்லியைப் பச்சையாகச் சாப்பிட முடியுமா? வேறு எதுவும் வாயில் நிற்காது. பார்ஸ்லி அடக்கமான இலை, லேசான கசப்பு, புல் மாதிரி ஒரு பச்சை வாசனை, அதனால்தான் அதை இவ்வளவு அள்ளிப்போட முடிகிறது. கிடைக்கவே இல்லையென்றால் பாதிக்குப் பாதி கொத்தமல்லியும் இளம் முளைக்கீரையும் போட்டுச் செய்து பாருங்கள், மோசமில்லை, ஆனால் வேறு பெயர் வைத்துவிடுங்கள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பார்ஸ்லி கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ஊட்டிக் காய்கறி விற்கிற கடையில் ப்ராக்கோலிக்குப் பக்கத்தில் தேடுங்கள். சுருட்டை இலை, தட்டை இலை என்று ரெண்டு ரகம் உண்டு. தட்டை இலைதான் வேண்டும், சுருட்டை தொண்டையில் கிச்சுகிச்சு மூட்டும்.

அரைமணி நேரத்தில் சாலட் முழுக்கத் தண்ணீர் விட்டுக் கொழகொழ என்று ஆகிவிடுகிறது, இலையும் கறுத்துவிடுகிறது. மிக்ஸியில் ஒரே ஒரு சுற்றுதான் விட்டேன்.
– வாசகி, திருநெல்வேலி

கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். மிக்ஸி இலையை நறுக்குவதில்லை, அடித்துப் பிய்க்கிறது. பிய்ந்த இடத்திலெல்லாம் சாறு இறங்கும், கறுக்கும். ஒரே சுற்று என்றாலும் துவையலுக்கு முதல் படிதான் அது.

கத்தியால்தான் நறுக்க வேண்டும், அதுவும் நல்ல கூரான கத்தி. அரிவாள்மனையில் கீரை அரியும் கை இருந்தால் அதைவிட நல்லது, எங்கள் பாட்டி முருங்கைக்கீரை தவிர மற்ற எல்லாக் கீரையையும் நூல் மாதிரி அரிவார். எதிர் வீட்டு அம்மாவின் கைவேலை இன்னும் கண்ணில் நிற்கிறது: பத்து இருபது தண்டை எடுத்து, இலை எல்லாம் ஒரே மட்டத்துக்கு வருகிற மாதிரி அடுக்கி, பூச்செண்டு பிடிப்பதுபோல் இடது முஷ்டியில் இறுக்கிப் பிடித்து, கத்தியை முன்னும் பின்னும் ஓட்டி மெல்லிசு மெல்லிசாக ஒரே ஒரு தடவை அரிந்துகொண்டே வருவார். அரிந்ததைக் குவித்து மறுபடி அதன் மேல் கத்தியால் டக்டக்கென்று கொத்துவது கிடையாது. நான் பழக்கதோஷத்தில் கொத்தப் போனபோது என் புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. புதினாவையும் அப்படித்தான், அது பார்ஸ்லியைவிட வேகமாகக் கறுக்கும், அதனால் கடைசியில்.

அதைவிட முக்கியம் ஈரம். கழுவிய இலையை அப்படியே நறுக்கினால் எந்தக் கத்தியாலும் காப்பாற்ற முடியாது. முதல் நாள் ராத்திரியே கழுவி, உதறி, பழைய பருத்தி வேட்டியில் பரப்பிச் சுருட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் இலை மொறுமொறுவென்று இருக்கும். தக்காளியில் நாட்டுத் தக்காளி வேண்டாம், சாறும் புளிப்பும் அதிகம், கெட்டியான பெங்களூர்த் தக்காளி நல்லது. உப்பை முன்னாடியே போட்டாலும் தண்ணீர் விடும், அதை மேலேயே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு செய்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கொஞ்சம் சாறு இறங்கத்தான் செய்யும். கிண்ணத்தின் அடியில் தேங்குகிற அந்தப் புளிப்புச் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதற்கு அவர்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

எங்கள் ஊரில் புல்குர் கிடைக்காது. ஆன்லைனில் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. வீட்டில் செய்ய முடியாதா?
– வாசகி, அறந்தாங்கி

தாராளமாக முடியும், அதுவும் உங்கள் ஊர் வெயிலில். லெபனான் கிராமங்களில் அறுவடை முடிந்ததும் பெரிய அண்டாவில் கோதுமையை அவித்து மொட்டைமாடியில் பரப்பிக் காயவைப்பார்கள், கிட்டத்தட்ட நம் வடாம் சீசன் மாதிரி.

அரைக் கிலோ முழுச் சம்பா கோதுமையைக் கழுவி நாலு மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீரில் வேகவிடுங்கள், நசுக்கினால் நடுவில் வெள்ளையாக மாவு தெரியக் கூடாது, அதே சமயம் வெடித்துக் குழையவும் கூடாது. தண்ணீரை ஒட்ட வடித்து (அந்தத் தண்ணீரில் உப்பு போட்டுக் குடியுங்கள், கொட்டாதீர்கள்) துணியில் ஒற்றைப் பரப்பாகப் பரப்பி நல்ல வெயிலில் ரெண்டு மூன்று நாள். ஒரு மணியைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், பல்லில் ஒட்டினால் இன்னும் ஒரு நாள். காய்ந்ததை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி உடைத்து, மாவுச் சல்லடையில் ஒரு தடவை, ரவைச் சல்லடையில் ஒரு தடவை சலித்தால் மூன்று ரகம் கிடைக்கும். மாவை அடையில் சேர்த்துக்கொள்ளலாம், நடுவில் வருகிற பொடி ரவைதான் தபூலேக்கு, மேலே நிற்கிற பெரிய ரவையை உப்புமாவோ பிரியாணியோ பண்ணிக்கொள்ளலாம். அங்கே பாக்கெட்டில் 1, 2, 3 என்று நம்பர் போட்டு விற்பதும் இந்த அளவைத்தான், 1 என்றால் பொடி.

மழை நாளில் அவசரமென்றால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. சம்பா ரவையைத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, இட்லித் துணியில் பரப்பி ஆவியில் வேகவிட்டு, தட்டில் உதிர்த்து ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். அசலுக்கு முக்கால்வாசி வரும். அப்படிச் செய்தால் ஊறவைக்கிற வேலை இல்லை, நேரே கலந்துவிடலாம்.

ஆலிவ் எண்ணெய் கட்டாயமா? நல்லெண்ணெய் ஊற்றலாமா?
– வாசகர், விருதுநகர்

ஊற்றினால் இட்லிப்பொடி ஞாபகம் வரும். வேண்டுமென்றால் வாசனை இல்லாத எண்ணெய் எதையாவது ஊற்றுங்கள். நான் ஆலிவ் எண்ணெய்க்குத்தான் ஓட்டுப் போடுவேன், வேக வைக்காத பண்டத்தில் எண்ணெயின் ருசி அப்படியே தெரியும்.

இங்கே டொரண்டோவில் கடையில் கூஸ்கூஸ் போட்ட தபூலே விற்கிறார்கள். கூஸ்கூஸும் புல்குரும் ஒன்றா? எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, கீன்வா போடலாமா?
– யாழ்ப்பாணத்து வாசகி, கனடா

ரெண்டும் வேறு வேறு அம்மா. புல்குர் உடைத்த தானியம். கூஸ்கூஸ் வட ஆப்பிரிக்காவின் பண்டம், ரவையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் உருட்டி உருட்டி மணியாக்குவது. புட்டுக்கு மாவு குழைத்து உதிர்க்கிற கை உங்களுக்கு இருக்கும், பாதி அதுதான். பிரான்ஸில் தபூலே என்றாலே கூஸ்கூஸ் போட்டதுதான், அங்கிருந்துதான் அந்தப் பழக்கம் பல கடைகளுக்குப் பரவியிருக்கிறது. துருக்கியில் கிஸிர் என்று ஒன்று உண்டு, அதில் புல்குர்தான் மிகுதி, தக்காளி விழுதும் மிளகாய் விழுதும் சேர்ந்து சிவப்பாக இருக்கும். அதுவும் நல்ல பண்டம். லெபனான்காரர்கள் மட்டும் தங்கள் தபூலேயில் யார் கை வைத்தாலும் கோபப்படுவார்கள், அதற்கென்று வருஷா வருஷம் ஜூலை முதல் சனிக்கிழமையை 2001லிருந்து தேசிய தினமாகவே கொண்டாடுகிறார்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் புல்குர், கூஸ்கூஸ், ரவை மூன்றும் உங்களுக்கு ஆகாது, மூன்றும் கோதுமைதான். கீன்வா போடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது சாமையை உதிரியாக வடித்து முழுக்க ஆறவிட்டுக் கலப்பது. அளவு அதே மூன்று கரண்டிதான், சாமை நல்லது என்று அள்ளிக் கொட்டிவிடாதீர்கள்.

அப்பா இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாதிரி பச்சை இலை தரலாமா?
– வாசகி, சேலம்

இதைக் கேட்டீர்களே, நல்லது. மாத்திரையின் பெயரைப் பாருங்கள். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்றால் கவனம் வேண்டும். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை, அந்த மாத்திரைகள் அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை இளக்கமாக வைத்திருக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் வைட்டமின் கே சுமார் 100 மைக்ரோகிராம், 100 கிராம் பார்ஸ்லியில் இருப்பது 1,600 மைக்ரோகிராமுக்கும் மேலே. வழக்கமில்லாமல் ஒரு நாள் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மாத்திரையின் பலன் குறைந்துவிடலாம். இலையே கூடாது என்பதல்ல, வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்கக் கூடாது என்பதுதான் விஷயம். அதனால் டாக்டரிடம் இலையின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் சொல்வார். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் மாதிரி புது மாத்திரைகளுக்கு இந்த வைட்டமின் கே கட்டுப்பாடு இல்லை. எது என்று தெரியாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

இதைத் தினமும் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா?
– வாசகி, சென்னை

கால் டம்ளர் எண்ணெய் ஊற்றச் சொல்லியிருக்கிறேன், கவனித்தீர்களா?

மொட்டைமாடித் தொட்டியில் பார்ஸ்லி விதைத்து இருபது நாளாகிறது, ஒன்று கூட முளைக்கவில்லை. விதை மோசமா?
– வாசகர், வேலூர்

அவசரப்படாதீர்கள், பார்ஸ்லி நிதானமான ஆசாமி. மூன்று நாலு வாரம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். மண் காயாமல் ஈரச் சாக்கு மூடி வையுங்கள். அடுத்த முறை விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து விதைத்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும். உங்கள் ஊர் வெயில் அதற்கு ஆகாது, மழைக்காலம் முடிகிற சமயத்தில் விதைத்துப் பனிக்காலம் முழுக்க அறுத்துக்கொள்ளுங்கள், காலை வெயில் மட்டும் படுகிற மூலை போதும். அறுக்கும்போது நடுக் குருத்தை விட்டுவிட்டு வெளித் தண்டுகளாகக் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

எங்களுக்குக் கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். திராட்சை இலையில் வைத்துத்தான் தபூலே சாப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம் தோட்டத்து இலை ஆகுமா?
– வாசகர், தேனி மாவட்டம்

ஆகும், ஒரு நிபந்தனையோடு. அங்கே கரண்டியை விட இலைதான் கரண்டி: லெட்யூஸ், முட்டைக்கோஸின் உள் இலை, இளம் திராட்சை இலை, ஏதாவது ஒன்றைப் படகு மாதிரி மடித்து அள்ளி வாயில் போடுவார்கள். திராட்சை இலையென்றால் கொடியின் நுனியிலிருந்து மூன்றாவது நாலாவது இலை, உள்ளங்கையைவிடச் சின்னதாக, தடவினால் வழவழவென்று இருக்க வேண்டும். நல்ல புளிப்பு இருக்கும், நம் புளிச்சக்கீரையை நினைவுபடுத்தும்.

நிபந்தனை மருந்து. திராட்சைக்குச் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்று எத்தனை தடவை மருந்தடிக்க வேண்டியிருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த இலையைக் கழுவியோ உப்புத் தண்ணீரில் போட்டோ சரிசெய்ய முடியாது. வீட்டு வாசல் பந்தலில் ஒரு கொடியை ஏற்றி, அதற்கு மட்டும் எதுவும் அடிக்காமல் விடுங்கள். கவாத்து பண்ணின மூன்றாவது வாரத்தில் துளிர் இலை அள்ள அள்ள வரும், மிஞ்சியதை உப்புத் தண்ணீரில் போட்டு ஜாடியில் வைத்தால் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைக்கவும் ஆகும். அந்தச் செய்முறை வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், அதற்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும்.